உதட்டருகே கிண்ணம்

ஜனவரியில் வினிப்பெக்கின் சூரியன்
எட்டரைக்குத்தான் வேலைக்கு வருகிறது,
ஐந்தடிப்பதற்குள் கிளம்பியும் விடுகிறது.
காட்டேரி குடியேற ஏற்ற ஊர்
என்று மாதேஸ்வரி சொன்னபோது
எல்லோரும் சிரித்தோம்.
அன்று மாலை ஒன்றாகச் சிரித்தது
அந்த ஒருமுறைதான்.

ஐந்து பேருக்கு ஒரே பிரதி.
கைமாறிக் கைமாறி முதுகு கிழிந்து
என் லேப் பிளாஸ்திரியால் ஒட்டியிருந்தது.
கதை இவ்வளவுதான்:
முந்நூறு வருஷமாகச் சாகாத ஒருவன்
மனிதக் கழுத்துகளை விட்டுவிட்டு
கோயில் கோயிலாகப் போகிறான்.
அப்பமும் ரசமும் தரும் வரிசைகளில்
தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்கிறான்.
எந்தக் கிண்ணத்தில் வெறும் திராட்சை,
எதில் நிஜமாகவே இரத்தம் என்று
நாக்கால் சொல்லக்கூடியவன்
அவன் ஒருவன்தான்.
கடைசி வரியில் கிண்ணம் உதட்டைத் தொடுகிறது.
பிறகு வெள்ளைத் தாள்.

ஹெப்சிபா அக்கா நாற்பதாம் பக்கத்தில் மூடிவிட்டாராம்.
ஆனால் கடைசிப் பக்கத்தைப் பற்றியே பேசினார்.
'தேவதூஷணம். ரசம் ரசம்தான், நினைவுகூரக் கொடுத்தது.
அவன் பட்டினி கிடந்து சாகட்டும்.'

மச்சாது அண்ணன் தூத்துக்குடிக்காரர்.
டீக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.
'அப்போ எங்க கோயிலுக்கு வந்தா அவன் பொழைச்சிருவான்.'
சொல்லும்போது ஒரு பெருமை.
அடுத்த நொடி முகம் கறுத்தது.
'பிசாசு பசியாறவா என் ஆண்டவர்?'
இரண்டையும் அவரேதான் சொன்னார்.
யாரோடு சண்டை போடுகிறார் என்று
எங்களுக்குப் புரியவில்லை.

நிமலரூபன் ஜன்னல் பனியை நகத்தால் சுரண்டிக்கொண்டே,
'சாக ஏலாமல் திரியிறவனிட்டப் போய்
நித்திய வாழ்வு தாறன் எண்டால்
அது தண்டனையெல்லோ?' என்றான்.
அதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.
ஹெப்சிபா அக்கா கூட.

மாதேஸ்வரிக்கு வேறு கோபம்.
'இந்த ஆளுக்குப் போய் காட்டேரின்னு பேரா?
எங்க சேலத்துப் பக்கம் அவ சாமி.
ஆடியில கோழி அறுத்தா வாங்கிட்டுப் போயிருவா.
அவளை யாரும் திருத்தப் பார்க்கலை.'
சொல்லிவிட்டு டிபன் டப்பாவைத் திறந்தாள்.
ரத்தப் பொரியல்.
ஹெப்சிபா அக்கா கோட்டை எடுத்துக்கொண்டார்.

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்க ஓரத்தில்
பென்சிலில் யாரோ 'பொய்' என்று எழுதி,
அழித்து,
மறுபடி எழுதியிருக்கிறார்கள்.
கேட்டேன். ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

'நீ தினமும் பார்க்கிறவ, நீ சொல்லு' என்றார்கள்.
என் வேலை இரத்தம் எடுப்பது.
எல்லிஸ் அவென்யூவில், ஒரு நாளைக்கு நாற்பது கை.
பெயர்ச்சீட்டு ஒட்ட மறந்தால்
யாருடையது எதுவென்று
எனக்கும் தெரியாது என்றேன்.
பதிலாகச் சொல்லவில்லை. உண்மையே அதுதான்.

வியாழக்கிழமை, காலை ஏழு பத்து.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று, இன்னும் இருட்டு.
பதினான்காம் எண் சீட்டோடு மச்சாது அண்ணன்.
இரும்புச்சத்து அதிகமாம், டாக்டர் அனுப்பியிருக்கிறார்.
'ராத்திரியிலேர்ந்து பச்சத்தண்ணி படலை' என்றார்,
'அந்தக் காலத்துல நன்மை வாங்கப் போற மாதிரி.'
நாடாவைக் கட்டினேன். நரம்பு ஒளிந்துகொண்டது.
இரண்டு தட்டு தட்டியதும் எழுந்தது.
ஊசி ஏறும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்.

சுவரைப் பார்த்தபடியே கேட்டார்:
'அவனை அது சுட்டிருக்குமா?'

'எழுதலையே அண்ணே.'

'எழுதலைதான்.'
கொஞ்ச நேரம் கழித்து,
'பென்சில் என்னுதுதான்.'

பஞ்சை வைத்து மடக்கச் சொன்னேன்.
குழாயில் பெயர், பிறந்த தேதி, நேரம்.
ஒட்டி முடிக்கும்வரை அது என் உள்ளங்கையில் இருந்தது,
அடைகாத்த முட்டை போல
வெதுவெதுப்பாக.

பதினைந்தாம் எண்ணைக் கூப்பிட்டேன்.