முதுகு

ராயக்கோட்டை மண்டியில் எனக்குத் தக்காளி என்று பேர்.
தக்காளி மண்டியிலேயே ஒருவனைத்
தக்காளி என்று கூப்பிட்டால்
எப்படிச் சிவந்திருப்பான், யோசித்துக்கொள்ளுங்கள்.
மாநிறம்தான் நான்.
ஆனாலும் காதுமடலில் பற்றிக்கொள்ளும்,
கன்னம், நெற்றி, கழுத்து என்று
தோசைக்கல் காய்வதுபோல் ஏறும்.

பெண் பார்க்கப் போன வீட்டில்
காப்பித் தட்டோடு வந்த ருக்குவின் முகம்
இருந்தபடி இருந்தது.
சிவந்தது மாப்பிள்ளை.
"இதுல பொண்ணு யாரு?" என்றார் அவள் சித்தப்பா.
சிரித்தார்கள். அது போகட்டும்.

போகாதது வேறு.
மாரண்டஅள்ளிக்காரர் ஒருவர் இறக்கியது நாற்பத்தொரு கிரேடு,
சீட்டில் நாற்பது.
எண்ணியவன் நானில்லை, எழுதியவன் மட்டும்.
"யார்றா எடுத்தது?" என்று அவர் கேட்டு முடிக்கும் முன்பே
என் மூஞ்சி
ஒப்புக்கொண்டுவிட்டது.
மதியம் அந்தக் கிரேடு
டெம்போவுக்குள்ளேயே கிடைத்தது, தார்ப்பாய்க்கு அடியில்.
அதற்குள் நான் இரண்டு அறை வாங்கியிருந்தேன்.
அறைந்த சிவப்பு எது, என் சிவப்பு எது என்று
எனக்கே தெரியவில்லை.

பெங்களூரில் டாக்டர் பேனாவால் ஒரு விலாக்கூடு வரைந்தார்.
இரண்டாம் எலும்பின் தலைமாட்டில்
பட்டுநூல் கனத்தில் ஒரு நரம்பு.
"இதுதான் மேலே சேதி சொல்லுது.
அக்குள்ள சின்னதா துளை போட்டு,
நுரையீரலைக் கொஞ்சம் சுருங்க விட்டு,
உள்ளே போய்த் துண்டிச்சிடலாம்.
துண்டிச்சா திரும்ப ஒட்டாது.
வேற எடத்துல வேர்வை கொட்டலாம்.
யோசிச்சுச் சொல்லுங்க."
யோசிக்கிறேன் என்று சொல்லும்போதே சிவந்தேன்.
கையெழுத்துப் போட்டுவிட்டேன்.
இரண்டு பசு விற்ற காசு. மீதிக்கு ருக்குவின் தோடு.

கண் திறந்ததும் கண்ணாடி கேட்டேன்.
"மாப்பிள்ளைக்குக் கண்ணாடி வேணுமாம்" என்று
நர்ஸ் வார்டு முழுக்கக் கேட்கச் சொன்னாள்.
காது சில்லென்றே இருந்தது.
அழுதேன்.
அதற்கும் சிவக்கவில்லை.

பையனின் பள்ளிக்கூடத்தில்
எல்லோர் நடுவிலும் எழுந்து கேள்வி கேட்டேன்.
கல்யாண போட்டோவில் ஓரத்தை விட்டு உள்ளே வந்தேன்.
பழைய பேர் மட்டும் இருந்தது,
காரணம் தெரியாத புதுப் பையன்கள் கூப்பிட.

முதலாளி கோபாலப்பா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.
"நோட்டை அவன்கிட்ட குடு. நீ தராசுக்கு வா."
முன்பு தராசுப் பக்கம் என்னை அண்டவே விடமாட்டார்.
என் மூஞ்சி மண்டிக்கு நஷ்டம்.

கிலோ நாலு ரூபாய்க்கு விழுந்திருந்த ஒரு விடிகாலை.
கெலமங்கலத்திலிருந்து மாதம்மா, பன்னிரண்டு கிரேடு.
எண் எரியும் பக்கம் எங்களைப் பார்த்துத் திரும்பியிருந்தது.
இருபத்தாறு.
"இருபத்தி மூணு" என்றேன்.
"கழிவு போகவா?"
"கழிவு தனி."
அவள் எட்டிப் பார்க்கவில்லை.
என் முகத்தைத்தான் பார்த்தாள், நிதானமாக,
ஒரு பழத்தை விரலால் சுற்றிச் சுற்றி
அழுகல் தேடுவதுபோல.
"செரி. உன் மூஞ்சியப் பாத்தா
பொய் சொல்ற ஆளாட்டம் இல்ல"
என்று காசை முந்தானையில் முடிந்தாள்.

அப்போதுதான் தொடங்கியது.
தோள்பட்டைக்குக் கீழே ஊற்று உடைந்து
முதுகுத்தண்டு வழியாக ஓடி
இடுப்பில் தேங்கியது.
மார்கழி.
எல்லோர் வாயிலும் புகை.
எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

முதுகு காட்டாதவன்தான் ஆம்பளை என்பார்கள்.
அவள் பஸ் ஏறும்வரை நான்
சுவரில் சாய்ந்தே நின்றேன்.

ராத்திரி ருக்கு சட்டையை உதறி விரிக்கிறாள்.
முதுகெல்லாம் உப்புப் பூத்திருக்கிறது.
"இன்னிக்கு வெயிலே வரலையே?"
"கிரேடு தூக்கினேன்" என்கிறேன்.
அவள் என் தாடையைப் பிடித்து
லைட்டுப் பக்கம் திருப்புகிறாள்.

ரொம்ப நேரமாகத் தேடிக்கொண்டிருக்கிறாள்.