நண்டுக்கால்

வடக்கே பெண்கடல், தெற்கே ஆண்கடல்.
மண்டபம் கடலோரக் காவல் நிலையத்தில்
இரண்டுக்கும் நடுவே என் மேசை.
மேசையில் புதிய கைத்துப்பாக்கி,
பக்கத்தில் தீப்பெட்டியில் பாதியளவு
சிவப்புப் புள்ளிக் கண்ணாடி.

ஸ்லைடின் முதுகில் வெட்டு
தொழிற்சாலையிலேயே போட்டு வந்திருக்கிறது.
"அப்புறமென்ன, வச்சு முடுக்க வேண்டியதுதானே?"
வாசல் இருந்துவிட்டால்
மாப்பிள்ளை பொருந்திவிடுவானா?
இடையில் ஒரு தகடு வேண்டும்.
பெட்டியில் நான்கு தகடு, நான்கிலும் எண்,
நம் கண்ணாடிக்கு எதுவென்று தாளில் இல்லை.
மூன்றாவது ஆடியது.
நான்காவதை மூச்சடக்கி அமுக்கினேன்,
டக்கென்று உட்கார்ந்தது.

திருகு இரண்டு ஜோடி.
நீளமானது நல்லாத்தான் பிடிக்கும். ஆனால்
உள்ளே போய் ஓடு இழுப்பானின் கம்பியை மிதிக்கும்,
சுட்ட ஓடு வெளியே வராமல் தொண்டையில் நிற்கும்.
குட்டைதான்.
ஸ்பிரிட்டில் துடைத்து, மரையில் நீலப் பசை ஒரு துளி,
முறுக்குச் சாவி க்ளிக் சொன்னதும் கையை எடுத்தேன்.

பசையை மட்டும் நம்ப முடியாது,
இந்த உப்புக்காற்று கதவுக் கீலையே தின்கிறது.
என் பையிலிருந்து நகப்பாலிஷ் எடுத்தேன்.
திருகின் தலையில் தொடங்கிக் கூட்டின் உடம்புவரை
ஒரே கோடு.
திருகு அசைந்தால் கோடு உடையும்.
அரக்குச் சிவப்பு, நாற்பது ரூபாய்,
எந்தக் கணக்கிலும் எழுத முடியாது.

ஓரிரவு காய்ந்தது.
உடைமரங்களுக்கு அப்பால் மணல்மேட்டில்
எஸ்.ஐ. இருளப்பன் வாங்கினார்,
உயர்த்தினார், இறக்கினார்.
"புள்ளின்னு சொன்னே?
நண்டு மாதிரி காலு காலா நீட்டுது.
திருப்பி அனுப்பு."

வாங்கிப் பார்த்தேன். குன்றிமணி போல வட்டம்.
ஒளியைக் குறைத்தேன், வட்டம்.
படகோட்டி ரொசாரியோவுக்கும் வட்டம்.
கண்ணாடிக்குப் பின்னால் கைப்பேசியை வைத்துப்
படமெடுத்து நீட்டினேன்.
அவர் படத்தைப் பார்த்தார், வெகுநேரம்.
கச்சான் எங்கள் பூட்ஸுக்குள் மணல் நிரப்பிக்கொண்டிருந்தது.

"அப்ப பாம்பன் லைட்டு?
அதுக்குக் காலு கிடையாதா?"
"இல்ல சார்."
"நட்சத்திரத்துக்கு?"
ரொசாரியோ கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

இருபத்திரண்டு வருஷம் இரவு ரோந்து.
எதிரே வந்த படகின் விளக்கெல்லாம்
வால் முளைத்தே வந்திருக்கின்றன அவருக்கு.
உலகத்துக்கே அப்படித்தான் என்று இருந்துவிட்டார்.
யார் போய் யாரிடம் கேட்பார்கள்,
உனக்கு வெளிச்சம் எப்படித் தெரிகிறது என்று?

இந்தப் புள்ளி வெளியே எங்கும் போவதில்லை.
குறியில் விழாது, குறிக்குத் தெரியாது.
சிறு கண்ணாடியில் பட்டுப்
பிடித்தவன் கண்ணுக்கே திரும்புகிறது.
இதை அவரிடம் சொல்லவில்லை,
மெக்கானிசமாகச் சொல்லியிருக்கலாம்தான்.

வியாழக்கிழமை கருப்பு ஃபிரேமில் வந்தார்.
ராமநாதபுரத்தில், அரண்மனைக்குப் பக்கத்துக் கடையாம்,
சிலிண்டர் பவராம், ரெண்டாயிரத்து எண்ணூறாம்.
பதினைந்து மீட்டரில் ஐந்து ரவுண்டு கொடுத்தேன்.
முதல் மூன்றும் ஒரு டீ கிளாஸ் வாய்க்குள்.
நான்காவது இடப்பக்கம் விலகியது.
ஐந்தாவதை அவர் சுடவேயில்லை.
கை நீட்டியபடி, விரலை விசைக்கு வெளியே வைத்து,
"பொறு" என்றார்,
"கொஞ்சம் பொறு."

பதிவேட்டில் எழுதினேன்:
தகடு நான்கு. குட்டைத் திருகு. பேட்டரி மாற்றிய தேதி.
நாலு ரவுண்டு செலவு, ஒன்று திருப்பம்.
கோடு உடையவில்லை.

அன்றைய ரோந்தில் அவர் பெயர் இல்லை.
டீசல் கேன் எடுக்கப் போனபோது ரொசாரியோ பார்த்தானாம்:
ஜெட்டி முனையில், இருட்டில்,
கண்ணாடியைக் கழற்றுவதும்
மாட்டுவதுமாக.