முந்நூறு கெல்வின்

ஃபெராராவில் நவம்பர்.
போ நதியிலிருந்து ஏறிவந்த மூடுபனி
சைக்கிள்களின் முன்விளக்கை
கைக்கெட்டும் தூரத்திலேயே தின்றுவிடுகிறது.
மூன்றாம் மாடியில் ஒர்னெல்லா பரால்தி
ஒளியை ஓடவிட்டுக்கொண்டிருக்கிறாள்,
எண்களாக.

அறுபத்துநான்கு கருக்கள், ஒரு சில்லு.
இடையே செம்புக்குப் பதில் சிலிக்கான் வாய்க்கால்கள்.
கரையோரம் வளையங்கள்;
ஒரு மயிரின் தடிப்பில் எட்டு வைக்கலாம்.
தன் நிறம் வந்தால் மட்டும்
வளையம் கைபிடித்து உள்ளே இழுக்கும்.
மற்ற நிறங்கள் போகும் போக்கில் போகும்.

இவற்றில் எதுவும் இன்னும் பிறக்கவில்லை.
கோப்பின் பெயர்: பாவனை நாற்பத்தேழு.
மேசைக்கடியில் இரைக்கும் இயந்திரத்தில்
செம்பில் ஓடும் மின்சாரம்
ஒளியாக நடிக்கிறது,
தன் வேலையைப் பறிக்க வருபவனின் வேடத்தை
தானே கட்டிக்கொண்டு,
வசனம் பிசகாமல்.

சில்லைக் கடக்க ஒளிக்குக் கால் நானோ நொடி.
அது எப்படிக் கடந்தது என்று சொல்லிமுடிக்க
இயந்திரத்துக்கு
ஓர் இரவும் காலைக் காப்பியும்.

ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் கசிவு,
ஒவ்வொரு குறுக்குச் சந்திப்பிலும் கொஞ்சம் சுங்கம்.
மிக நீண்ட பாதையில் சந்திப்புகள் நூற்றுப் பன்னிரண்டு.
கடைசி வீட்டுக்காரன் காதில் விழவேண்டுமென்றால்
லேசர் தெரு முழுக்கக் கத்தியாகவேண்டும்.
அதையும் கூட்டியாயிற்று.
அப்படியும் வரைபடத்தில்
நீலக் கோடு செம்புக்குக் கீழேயே படுத்திருந்தது.

"அழகு. அனுப்பிவிடு" என்றான் எர்மெஸ்.
வெள்ளிக்கிழமை கடைசி நாள்.
பூசணி அடைத்த கப்பெல்லாச்சி ஆறிப்போய்
டப்பாவில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் காலணியைக் கழற்றி
வழக்கம்போல் மேசைக்கடியில் நீட்டினாள்.
பாதத்தில் வெதுவெதுப்பு.
குளிர் தொடங்கிய நாள்முதல்
இயந்திரத்தின் மூச்சில்தான் காய்கிறாள்.
சட்டென்று கால்களை இழுத்துக்கொண்டாள்.

இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி.
வெப்பநிலை: முந்நூறு கெல்வின். மாறிலி.
பக்கத்தில், மார்ச் மாதத்தில், அவளே எழுதியது:
பிறகு பார்க்கலாம்.

ஒரு கருவும் வியர்க்காத சில்லு அது.
வெயிலும் நிழலும் இல்லாத ஊர்.
அவள் வரியை அழித்தாள்.
கணக்குப் போடும் கரு சுடட்டும்,
சும்மா இருப்பது குளிரட்டும் என்று விட்டாள்.

எட்டு டிகிரி போதும்.
பதினெட்டாம் வளையம் தன் நிறத்தை மறந்து
பக்கத்து நிறத்தின் கையைப் பிடித்தது.
கடிதங்கள் வேறு வாசலில் விழுந்தன.
சில எந்த வாசலிலும் விழவில்லை;
ஒளி ஒளிந்துகொண்டது, நம் சொல் சொல்கிறபடியே.

வளையங்களை நிலையில் நிறுத்த
ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி அடுப்பு.
நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு அடுப்புகள்.
மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வந்த ஒளிக்கு
நடுக்கம் தீர மூட்டிய தீ!

விடிந்தபோது நீலக் கோடு
செம்பைத் தாண்டி ஏறியிருந்தது.
எர்மெஸ் பார்த்தான்.
டப்பாவைத் திறந்து ஆறினதைத் தின்றான்.
"யாரும் கேட்கமாட்டார்கள், ஒர்னெல்லா."
"என் கால் கேட்டது" என்றாள்.
அவனுக்குப் புரியவில்லை.

வளையங்களைப் பாதியாக்கினால்?
சூடான கருக்களைத் தள்ளித்தள்ளி வைத்தால்?
பாவனை நாற்பத்தெட்டு என்று பெயரிட்டு
விசையைத் தட்டினாள்.
கீழே மின்விசிறி குரலை உயர்த்தியது.

தெருவில் பனி இன்னும் விலகவில்லை.
யாரோ ஒருத்தி
விளக்கை நம்பாமல்
மணியை அடித்துக்கொண்டே போகிறாள்.