தொண்ணூற்றாறு பக்கம்

மாத நாவல் ஒன்று கேட்டார்கள் சென்னையிலிருந்து.
கொலை இருக்க வேண்டும், தொண்ணூற்றாறு பக்கம்,
பங்குனிக்குள்.
கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்யவேண்டியிருந்தது எனக்கு.
சரி என்றேன்.

துப்பறியும் கதை வாசித்துப் பழக்கமில்லை.
கையில் எடுத்தால் கடைசிப் பக்கத்தைப் புரட்டிவிடுவேன்,
அப்புறம் அந்தப் புத்தகத்தோடு
எனக்கென்ன பேச்சு.

சோகார் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு என் பிழைப்பு.
வந்தது, போனது, உடைந்தது.
இங்கே எதுவும் மர்மமாய் மறைவதில்லை,
மறைந்தால் என் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

மேல்கட்டில் சூசைரத்தினம், மணப்பாட்டுக்காரன்,
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான்,
முந்நூறு கொலை வாசித்தவன்.
அட்டை போன நாவல்கள் இரண்டு
எப்போதும் தலையணை உறைக்குள்.
“மூணாம் பக்கத்துக்குள்ள பொணம் விழணும்,” என்றான்.
“மழை பெய்யணும். கரண்டு போவணும்.”

இங்கே மழை பெய்தால்
வெளியே ஓடிப்போய்ப் படம் எடுப்பார்கள்.

என் துப்பறிவாளர் விசிட் விசாவில் வந்தார்.
முதல் அத்தியாயம் முழுக்க
மஸ்கட் விமான நிலைய வரிசையில் நின்றார்.
ஆகஸ்டு நண்பகலில் ஒரு துரத்தல் வைத்தேன்:
இருநூறு அடி ஓடியதும்
இருவரும் ஒரே கன்டெய்னர் நிழலில் உட்கார்ந்து
ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்தார்கள்.
கிழித்துப்போட்டேன்.

சாக வேண்டியவனுக்கு ஒரு பெயர் வைத்தேன்,
பெயருக்கு ஒரு பத்தாக்கா எண்,
எண்ணுக்குப் பின்னால் ஒரு கடன்,
மகளுக்கு மாறுகண்.
பதினேழாம் பக்கத்திலும் உயிரோடு
வீட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தான்.
“எப்பத்தான்டே சாவான்?”
மேலிருந்து குரல்.

ஒருவழியாய்ச் செத்தான்.

நாற்பதில் தடயம் ஒன்று தேவைப்பட்டது.
அறையைச் சுற்றிப் பார்த்தேன்.
சிவப்பு மூடி ஃபிளாஸ்க்,
இடது குதிகால் மட்டும் தேய்ந்த செருப்பு.
எழுதிவிட்டேன்.
வாசித்தவன் ஏணியில் கால் வைக்காமல் குதித்தான்.
“இது நாந்தான?”
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

“என்னையே கொலகாரனா வையி.
பதினெட்டு வருசமா இங்க கெடக்கேன்,
ஒரு பய என்னயச் சந்தேகப்பட்டதில்ல.”

கட்டிலில் ஏறியபிறகும் சொன்னான்:
“காரணத்த மட்டும் சில்லறையா வச்சிராத.
சீட்டுக்காசு, குடிச்சண்ட, அதெல்லாம் வேண்டாம்.”

எண்பத்தொன்பதாம் பக்கத்தில் நின்றுபோனது.
எல்லோரையும் ஓர் அறையில் கூட்டி
துப்பறிவாளர் வாய் திறக்க வேண்டிய இடம்.
ஏன் கொன்றான்?
விளக்கணைத்தபின் அவனையே கேட்டேன்.

ஏசி நின்றது, கிளம்பியது.
மறுபடி நின்றது.

பிறகு சொன்னான்.
தம்பியின் பெயர் வந்தது அதில்,
ஒரு வள்ளம்,
கோயில் கொடியேற்றத்துக்கு முந்தின நாள்.
நான் எதுவும் கேட்கவில்லை.
அவன் முடிக்கும்போது அதிகாலை ஷிஃப்டுக்கான பஸ்
கீழே ஹார்ன் அடித்தது.
என் கையில் பேனா இருந்தது.
எப்போது அதை மூடினேன், தெரியாது.

அன்று மாலை எழுதி முடித்தேன்:
பாகப்பிரிவினை, போலிக் கையெழுத்து,
ஒன்றுவிட்ட அண்ணனின் எஸ்டேட்.
சென்னைக்குப் பிடித்துப்போயிற்று.
அட்டையில் தொப்பி வைத்த நிழல்,
நிழலின்மேல் கொட்டும் மழை.

புத்தகம் வந்த வெள்ளிக்கிழமை
குளிக்காமல், சாப்பிடப் போகாமல் வாசித்தான்.
கடைசிப் பக்கத்தை இரண்டு தடவை.
குறை சொல்வான் என்று காத்திருந்தேன்.
எஸ்டேட்டா, என்று கத்துவான் என்று.

“நல்லா ஒளிச்சிட்ட,” என்றான்.
தலையணை உறைக்குள் செருகிக்கொண்டான்.

மீதிப் பணம் இன்னும் வரவில்லை.
இருட்டில் படுத்து
அந்தப் பல்லை நாக்கால் தொட்டுப் பார்க்கிறேன்,
மேலே அவன் புரள்கிறபோதெல்லாம்.