தோன்றா எழுவாய்

நெல் எப்போதோ இசைந்துவிட்டது.
சோளமும் இறங்கி வந்தது.
கோதுமைதான்
ஆறு தொகுதிக் குரோமோசோம் மூட்டையைத்
தலைக்கடியில் வைத்துக்கொண்டு
கதவைத் திறக்காமல் கிடந்தது.

வெலென்சே ஏரிக்கு இப்பால்
ஹங்கேரியப் பனி தட்டிய கண்ணாடிவீட்டில்,
பூத்துப் பதினான்காம் நாள் கதிரைக் கொய்து
பாலேறிய மணியைப் பிளந்து
கருவை எடுப்பவள் பொரோக்கா.
ஒன்றரை மில்லிமீட்டர்.
முளையச்சைக் கிள்ளிவிட்டு
தட்டில் மல்லாத்தி வைப்பாள்.
நூறு. பிறகு இன்னொரு நூறு.
மேலே பாக்டீரியக் கரைசல்,
அப்புறம் மூன்று நாள் இருட்டு.

நூற்றுக்கு மூன்று தேறும்,
சில வாரம் இரண்டு.
மற்றவை பழுப்பேறிக் கூழாகி
ஆட்டோகிளேவுக்குப் போகும்.

அக்டோபரில் முனைவர் ஷிப்போஷ் கணக்கை விரித்தார்.
ஹார்மோனைக் கூட்டினோம், சூட்டைக் குறைத்தோம்,
செம்புகூடச் சேர்த்தோம்.
அசையவில்லை.
ஆனால் செவ்வாய்க்கிழமைத் தட்டுகள் மட்டும்
நூற்றுக்குப் பதினெட்டு. ஏன்?

செவ்வாயோ வெறுவாயோ என்பது நம் பேச்சு;
அங்கே அந்த வாய்
எதையோ மெல்லத் தொடங்கியிருந்தது.

பொரோக்கா கையுறையைக் கழற்றினாள்.
திங்கள் மாலை மகனுக்கு நீச்சல்.
நாலரை ரயிலை விட்டால் ஆறேகாலுக்குத்தான்.
கொய்த கதிரைப் பாதியில் விட்டு
ஈரக் காகிதம் சுற்றி
எல்லோர் சாப்பாட்டு டப்பாவுக்கும் பக்கத்தில்
ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போவேன்.
தப்புத்தான்.

கொஞ்ச நேரம்
குளிர்சாதனம் மட்டும் பேசியது.

அதன்பின் எல்லாக் கதிரும்
ஓரிரவு குளிரில் தூங்கின.
டிசம்பரில் இருபத்திரண்டு.
ஹைக்ரோமைசினைத் தின்றும் சாகாத கட்டிகளில்
கடுகளவு பச்சை.
விதையானாலும் வேலி தாண்ட முடியாது,
அந்த நாட்டுச் சட்டம் அப்படி.
இருந்தாலும் பச்சை.

கட்டுரை வந்தது. இரண்டாம் பக்கம், செய்முறை:
'கதிர்களை நான்கு பாகைக் குளிரில் ஓரிரவு வைத்தோம்.'
வைத்தோமாம்.
வினைமுற்று இருக்கிறது, எழுவாயைக் காணோம்.
ரயில் இல்லை. நீச்சல்குளம் இல்லை.
குளோரின் வாசத்தோடு
வாசலில் ஈரத்தலையாய் நின்ற பையன் இல்லை.

அவள் அதைப் படித்தாளா, தெரியாது.
திங்கள், நாலேகால்.
மேசையைத் துடைத்தவள் ஒரு தட்டின் மேல் குனிகிறாள்.
மூடியில் அவள் மூச்சு படிகிறது.
நாளைக்கு எழுவாய், என்கிறாள்
இன்னும் எழாத ஒன்றிடம்.
பிறகு கோட்டுப் பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு
ஸ்டேஷனுக்கு ஓடுகிறாள்.