நிகர எடை

பரமத்தி ரோட்டில் சித்தம்பூண்டிப் பிரிவு தாண்டி
எங்கள் எடைமேடை.
இருபத்துநாலு மணி நேரமும் என்று போர்டு சொல்லும்.
மூணு மணிக்கு நான் கொஞ்சம் கண்ணசருவேன்.

மொத்த எடை, வண்டி எடை, நிகர எடை.
என் பொழப்பு இந்த மூணு வரிதான்.
தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு வந்தவர்கள்,
கிளீனரைத் தார்ப்பாய்க்குள் படுக்க வைத்தவர்கள்,
பின்சக்கரத்தை மேடைக்கு வெளியே விட்டுவிட்டு
ஒன்றும் அறியாதவர் போல வானம் பார்த்து நின்றவர்கள்,
எல்லோரையும் பிடித்திருக்கிறேன்.

அர்த்தனாரி வண்டியில் அன்று கல்.
முட்டை ஏற்றுகிற ஆள்.
"என்னத்துக்குங் இது?"
"நிலாவுக்குங்."
சிரிக்கவில்லை.
"வாடகை வேண்டாம்னுட்டேன்" என்றான்,
டீசல் பங்க்கில் எட்டு மாசக் கடன் வைத்திருந்தவன்.

சேலத்திலிருந்து கூட வந்த ஜரீனா
ஜன்னலில் கை ஊன்றிச் சொன்னாள்.
நிலாவில் வெளுப்பாய்த் தெரிகிற மேடெல்லாம் இந்தக் கல் வகைதானாம்.
முன்னொரு காலம் நிலா முழுக்கக் குழம்பாய்க் கொதித்ததாம்;
கனமானது அடியில் போக
லேசானது ஆடை கட்டி மேலே இறுகியதாம்.
எப்படித் தெரியும் என்றேன்.
முதலில் போய்வந்தவர்கள் அள்ளிய மண்ணில்
பல்லு மாதிரி வெள்ளைத் துணுக்குகள் கிடந்தன என்றாள்.
ஒரு பல்லை வைத்து ஆளையே சொல்லியிருக்கிறார்கள்.

அதற்கும் முந்நூற்றறுபது வருசம் முந்தி
எங்கோ ஒருத்தன் குழாயில் கண்ணாடி செருகி
அங்கே மலை இருக்கிறது, நிழல் விழுகிறது என்று எழுதினானாம்.
நிழலை அளந்து உயரம் சொன்னானாம்.
அவனுக்கும் ரொம்ப முந்தி
கிரகணத்தில் விழுந்த வளைந்த நிழலைப் பார்த்து
பூமி உருண்டை என்றவர்கள்.
கைக்கு எட்டாத வரைக்கும்
நிழலைத்தான் எடைபோட்டிருக்கிறார்கள்.

எங்களுக்கு அந்தக் கல்
கிணறு வெட்டுகிறவன் திட்டுகிற கல்.
வெயிலில் சோளத்தட்டு காயும், மழைக்கு முன் ஆடு ஏறிப் படுக்கும்.
இருநூற்றைம்பது கோடி வருசமாம்.
இவ்வளவு நாளாய் நிலா எங்களுக்கு ஒறம்பரை,
ஒரு விசேசத்துக்கும் சொல்லி அனுப்பாத ஒறம்பரை.

பதினெட்டாயிரத்து நானூற்று இருபது கிலோ.
சேருமிடம்: பெங்களூரு.
அப்படித்தான் அடித்தேன்.
அங்கே பொடித்த மண்ணைப் பரப்பி
வண்டியை ஓட்டிப் பழக்குவார்களாம்.
நிலாவில் ஆறில் ஒரு பங்குதான் எடை என்பதால்
பலூன் கட்டி மேலே தூக்கிப் பிடிப்பார்களாம்.
எடைத் திருட்டு!
இருபது வருசத்தில் நான் மனசார விட்டுவிட்ட
ஒரே திருட்டு.

முதல் தடவை, நடுநிசி தாண்டி, சிக்னல் அறுந்தது.
நிலா அதற்கு முன்பே மேற்கே சாய்ந்திருந்தது.
வண்டி இல்லாத மேடை
காற்றுக்குப் பத்து கிலோ, இருபது கிலோ காட்டும்.
அன்று நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பத்து. பூஜ்யம். பத்து.

நாலு வருசம் கழித்து, ஆறு மணி நாலு நிமிசம்.
வரிசையில் மூணு டாரஸ், யாரும் ஹாரன் அடிக்கவில்லை.
கால் ஊன்றியாயிற்று என்றதும்
நாக்பூர்ப் பக்கம் முட்டை லோடோடு நின்றிருந்த
அர்த்தனாரி கூப்பிட்டான்.
"நம்ம கல்லுல பழகுன காலுங்" என்றான்,
வேறெதுவும் பேசாமல் வைத்துவிட்டான்.

கால்குலேட்டரில் ஆறால் வகுத்தேன்.
மூவாயிரத்து எழுபது.
எந்தப் பில்லிலும் ஏறாத எண்.

அடுத்த வண்டி ஏறியது.
பின்சக்கரம் மேடைக்கு வெளியே.
"முன்னாடி ஒரு அடி எடுங்" என்று கத்த வாய் திறந்தேன்.
டிரைவர் இறங்கி நின்று வானம் பார்த்துக்கொண்டிருந்தான்.
அங்கே பாதி நிலா.
ஏமாற்றுகிறானா, நெசமாகவே பார்க்கிறானா,
எனக்குத் தெரியவில்லை.
கொஞ்ச நேரம் பொறுத்தேன்.