அரைப்பேர்

டிக்கோயா ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமை
விழுங்கல் கிளினிக்.
கதவில் ஒட்டிய தாளைப் படித்துவிட்டு
"யாரை?" என்று கேட்டுப் போனார்
காதுக்கு மருந்தெடுக்க வந்த பஸ் கண்டக்டர்.

ஜன்னலில் பனி ஏறியிருந்தது.
சன்னாசி, எழுபத்து நான்கு, கவ்வாத்துக்காரர்.
ரொட்டி இறங்குகிறதாம்.
பிளேன்டீதான் வழி தவறிப்
புரையேறுகிறது.

திராட்சை அளவில் ஒரு நீலக் குமிழ்,
உள்ளே காற்று, வால் போலக் குழாய்,
குழாய் முடியும் இடத்தில் எண்கள்.
நாக்கில் வைத்து அண்ணத்தோடு நசுக்கச் சொன்னேன்.
பலமா, இன்னும், இன்னும், விடுங்க.
மூன்று தடவை. கூடியதைத்தான் எழுதுவோம்.
இருபத்தொன்பது.

தன் கைகளைப் பார்த்தார்.
நாற்பது வருடம் தேயிலை வெட்டிய கைகள்,
பிடித்தால் மேசைக்கு வலிக்கும்.
"மெசினு சரியில்ல மிஸ்.
இவளுக்கு வச்சுப் பாருங்க."

தெய்வானை, அறுபத்தேழு,
நோயாளி இல்லை, துணைக்கு வந்தவள்,
குடையை மடியில் கிடத்தி வாயைத் திறந்தாள்.
முப்பத்தொன்று.
"அரைப்பேரா, முழுப்பேரா?"
பதினெட்டுக் கிலோவுக்கு ஒரு பேர், குறைந்தால் அரை;
கொழுந்து நிறுத்துப் பழகியவளுக்கு
அடுத்த கேள்வியும் தானாக வந்தது:
"எத்தன கழிச்சீங்க?"
ஒன்றும் கழிக்கவில்லை என்றேன்.
நம்பவில்லை.

"பொம்பளைக்கு நாக்கு நீளம்னு சும்மாவா சொன்னாங்க,"
சிரித்தார் சன்னாசி, இருமாமல்.
நீளத்தை நான் அளக்கவில்லை.

படிக்கிற காலத்தில் எங்களையே அளந்துகொண்டோம்.
நான் நாற்பத்தாறு, றிஸ்வான் ஐம்பத்தெட்டு;
அன்று முழுக்க அவன் தலை கூரையில் இடித்தது.
வயது ஏற ஏற அந்த வித்தியாசம்
கரைந்துவிடும் என்கின்றன சில ஆய்வுகள்,
கரையாது என்கின்றன சில.
எப்படியானாலும்
ஒரு மிடறுக்கு இந்தப் பலத்தில் கொஞ்சம் போதும்.
மிச்சம் இருப்பு.
வயது கைவைப்பது இருப்பில்தான்,
சேமலாப நிதி மாதிரி.
எடுப்பது தெரியாது.
ஒரு காய்ச்சல் வரும், இரண்டு பல் விழும்,
அப்போது கணக்கு வெளியே வரும்.

தண்ணீர் கொடுத்து இருவர் தொண்டையிலும் விரல் வைத்தேன்.
அவருடைய மேடு ஏறி இறங்குவது
வாசலில் நிற்பவருக்கும் தெரியும்,
பாதி வழியில் யோசித்து நிற்பதும்.
அவளுடையது விரலுக்கு மட்டும்தான்:
சின்னதாய் ஒரு துள்ளல், முடிந்தது.
"ஏன் இவ்வளவு அவசரம்?"
"பெரட்டுக்கு நேரமாயிருமே."
வேலை நின்று பன்னிரண்டு வருடம்.

நாடியை நெஞ்சோடு சேர்த்து
குனிந்து விழுங்கப் பழகுங்கள் என்றேன் அவரிடம்.
"தொரைக்கே குனியல மிஸ்."
"கவ்வாத்து வெட்டயில
நிமுந்தா நின்னீங்க?" என்றாள்.
மிடறு மிடறாகக் குனிந்து குடித்தார்.
நான்காவதில் மட்டும் ஒரு கனைப்பு.

காலை பகல் இரவு, முப்பது தடவை,
நாக்கால் அண்ணத்தை அழுத்த வேண்டும்.
கொப்பியில் எழுதிக் கொடுத்தேன்.
"எனக்கும் எழுதுங்க."
அவளுக்குக் கொப்பி இல்லை.
அவருடைய கொப்பியின் கடைசித் தாளில் எழுதினேன்,
தெய்வானை, தினம் மூன்று வேளை.
எழுத்துக் கூட்டிப் பார்த்து
குடைக்குள் பத்திரமாகச் சொருகினாள்.

பிற்பகல் யாரும் இல்லை.
பெட்டியில் மூன்று குமிழ்கள்தான் மிச்சம்,
அடுத்தது கொழும்பிலிருந்து எப்போது வருமோ.
கதவைச் சாத்தி ஒன்றைப் பிரித்தேன்.
எனக்கு முப்பத்தாறு வயது.
மூன்று தடவை அழுத்தினேன்.
நாற்பத்து மூன்று.

மெசினை மெதுவாகத் தட்டிப் பார்த்தேன்.